கொசுறு

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அப்பாவுக்கு ஒரு காய்கறிக் கடை இருந்தது. எட்டடிக்குப் பத்தடி இருக்கும். தராசில் நிறுத்து, கணக்குச் சொல்லி, காசை வாங்கிக் கல்லாவில் போட்ட பிறகு அப்பாவின் கை தன்னால் வலது பக்கத்து ஈரச்சாக்குக்குப் போகும். சாக்கை விலக்கினால் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் இருக்கும். ஒரு இணுக்கு, அரைப் பிடி என்று எடுத்துப் பையின் மேலாக வைப்பார். அவர் மறந்துவிட்டால் "அண்ணாச்சி, கொசுறு?" என்று கேட்டு வாங்குவார்கள். அதற்கு விலை கிடையாது, எடையும் கிடையாது. தராசுத் தட்டில் அது ஏறுவதே இல்லை.

நான் எங்கள் வீட்டில் ஐந்தாவது பெண். கடைக்கு வருகிறவர்கள் யாராவது "அண்ணாச்சிக்கு எத்தனை பிள்ளைய?" என்று கேட்டால், அப்பா என் தலையில் கையை வைத்துக்கொண்டு, "நாலு பொண்ணு. இவ கொசுறு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கள்ளமே கிடையாது. ஆண்பிள்ளை இல்லையே என்று அவர் ஒருநாளும் அம்மாவைக் கடிந்ததில்லை. கடை அடைத்து வரும்போது எனக்கென்று தனியாக ஒரு கடலைமிட்டாய் சட்டைப்பையில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி நான் எழுதப்போவது அப்பாவைப் பற்றிய குறை இல்லை. பாசத்தோடு சொன்ன ஒரு சொல் முப்பது வருடம் எனக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

அக்காமார் நாலு பேருக்கும் கல்யாணம் ஆனது. மூத்தவளுக்கு நாற்பது பவுன், அடுத்தவளுக்கு முப்பது, மூன்றாமவளுக்கு இருபத்தைந்து, நாலாமவளுக்குப் பதினைந்து. அந்தப் பதினைந்துக்காக வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போனது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் "வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல்" என்று பேதுருவின் நிருபத்தை வாசித்துவிட்டு, திங்கட்கிழமை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பவுன் பேசுகிற ஜனம் நாம். இது எனக்கு வலிக்கிறது. வலிக்கவேண்டும் என்றே எழுதுகிறேன்.

என்னைப் பார்க்க ஏழு குடும்பங்கள் வந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வந்ததும் ஒரு பாட்டுப் பாடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெபித்தார். "கர்த்தாவே, உம்முடைய சித்தம் எதுவோ அது நடக்கட்டும்" என்று உருக்கமாகவே ஜெபித்தார். கேசரி, காப்பி. "நாங்க ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி, உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்வீங்களோ செய்ங்க" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ வேறு பேச்சு பேசுவதுபோல, "மூத்த பிள்ளையளுக்கு எவ்வளவு போட்டிய?" என்று கேட்டார்கள். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கருணைக்கிழங்கு வெட்டிப் போட்ட கை, விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நாலு நாள் கழித்து, "ஜெபிச்சுப் பாத்தோம், கர்த்தருடைய சித்தம் இல்ல போல" என்று போன் வந்தது. அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைத் தராசில் வைத்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன மனிதர்களை மன்னித்துவிட்டேன். தராசைப் பிடித்திருந்தது ஆண்டவருடைய கை என்று சொன்னதுதான் உள்ளே போய்த் தங்கிவிட்டது.

ஐந்நூறு ரூபாய் நோட்டு

மனம் உடைந்துபோனவர்களுக்கு நம் சபைகளில் ஒரு பிரசங்கம் உண்டு. வாலிபர் கூட்டத்துக்குப் போன எல்லாரும் கேட்டிருப்பார்கள். பிரசங்கியார் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டுவார். "யாருக்கு வேணும்?" எல்லாரும் கை தூக்குவோம். அதைக் கசக்குவார். "இப்போ?" கை இறங்காது. கீழே போட்டு மிதிப்பார். "இப்பவும் வேணுமா?" வேணும். "கசங்கினாலும் மிதிபட்டாலும் இதோட மதிப்பு குறையல. நீயும் அப்படித்தான்." அந்த இடத்தில் பிள்ளைகள் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன், வீடு வரும்வரைக்கும் ஆறுதலாகவும் இருந்திருக்கிறது.

2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு அந்த உதாரணம் எனக்கு முடிந்துபோனது. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் அறிவித்தபோது அப்பா கல்லாப்பெட்டியை மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். கசங்காத நோட்டுகள்தான் எல்லாம், ஓரம் மடங்காமல் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது அவர் பழக்கம். ஒரு நோட்டுக்குத் தன்னிடத்தில் மதிப்பு ஒன்றும் இல்லை, மதிப்பு இருக்கிறது என்று வெளியே ஒருவர் சொல்கிறவரைதான் அது இருக்கும். என் விஷயத்தில் அதைச் சொல்கிறவர் யார் என்பதுதான் என் கேள்வியே. அந்த மாதம் மார்க்கெட்டில் சில்லறை இல்லை, வியாபாரமும் இல்லை. எங்கள் கடை எழுந்திருக்கவே இல்லை.

அந்த வருடம் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் வருகிற வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரிக் கண்ணாடியில் செருகினாள். 2017 ஆகஸ்டில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, ஒரே ராத்திரி. அந்த அட்டையை நான் எடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. ஆனால் கண்ணாடியில் தலை வாரும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். வால், தலை என்று பேசினால் அங்கேயும் ஒரு வரிசை இருக்கிறது. வரிசை என்று இருந்தால் எனக்குத் தெரிந்த இடம் கடைசிதான்.

"மதிப்பு" என்ற சொல்லையே பாருங்கள். நகைக்கடைக்காரர் சங்கிலியை உரசிப் பார்த்துச் சொல்வதும் மதிப்புதான், ஒரு மனுஷிக்குத் தன்னைப் பற்றி உள்ளே இருக்கவேண்டியதும் மதிப்புதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாழ்கிறோம். அதனால்தானோ என்னவோ, "ஆண்டவர் பார்வையில் நீ விலையேறப்பெற்றவள்" என்று யாராவது சொன்னால், எனக்குள்ளே ஒரு குரல் "எத்தனை பவுன்?" என்று கேட்டுவிடும். அதை அடக்க எனக்குத் தெரியவில்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை, பாடகர் குழுவில் பாடினேன், சண்டே ஸ்கூல் எடுத்தேன். நம்பிக்கை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆண்டவர் இருக்கிறார், நல்லவர், எல்லாருக்கும் நல்லவர் என்று நம்பினேன். அந்த எல்லாரிலும் என்னைச் சேர்க்க மட்டும் எனக்கு வரவில்லை.

வேப்பமரத்தடிக் கணக்கு

2022 மே மாதம். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் வி.பி.எஸ், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, மறுபடியும் நடந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என் பொறுப்பு. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்காருவோம். அந்த வாரத்துப் பாடம் பறவைகள். முதல் நாள் மனப்பாட வசனம் மத்தேயு பத்தாம் அதிகாரத்திலிருந்து: "ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகளை விற்கிறார்கள் அல்லவா?" சார்ட் பேப்பரில் எழுதி மரத்தில் ஒட்டியிருந்தேன். மறுநாள் அதே பொருளில் லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்து வசனத்தை எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன்: "இரண்டு காசுக்கு ஐந்து அடைக்கலான் குருவிகளை விற்கிறார்களல்லவா? அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை."

இந்த இரண்டு வசனமும் எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும். வேதப்பரீட்சையில் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தப்பா எழுதியிருக்கீங்க."

"என்ன தப்பு?"

"ஒரு காசுக்கு ரெண்டுன்னா, ரெண்டு காசுக்கு நாலுதான வரும்? அஞ்சுன்னு போட்டிருக்கீங்க."

நான் வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். ஐந்துதான். பிள்ளைகள் எல்லாம் "அஞ்சு, நாலு" என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு பையன், அவன் அம்மா எங்கள் தெருவில் கீரை விற்கிறவர், தாளில் குருவிக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "அது கொசுறு டீச்சர். நாலு வாங்குனா ஒண்ணு சும்மா போடுவாங்க. எங்கம்மாவும் போடுவாங்க."

சத்தம் அடங்கிவிட்டது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கணக்குக் கேட்ட பிள்ளை திருப்தியாகி, "அப்ப சரி டீச்சர்" என்றாள். நான் வசனத்தின் மீதியை வாசிக்க வேண்டும். "அவைகளில் ஒன்றாகிலும்" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் குரல் வரவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியது மாதிரி இருமினேன். பிள்ளைகளை ரஸ்னா குடிக்கப் பத்து நிமிஷம் முன்னதாகவே அனுப்பிவிட்டு, பாயில் உட்கார்ந்து அந்தச் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பம்பூ கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் ஈரச்சாக்கின் வாசனை எனக்கு அந்த வெயிலில் வந்தது, சத்தியமாக வந்தது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுவதுதானே என் பிழைப்பு. இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று வருகிறது, அது ரோமர்களுடைய தெனாரியம். நம் தமிழ் வேதாகமம் குருவி வசனத்தில் காசு என்று சொல்வது அதில் பதினாறில் ஒரு பங்கு. இன்றைக்கு நாள் கூலி அறுநூறு ரூபாய் என்று வைத்தால், இரண்டு குருவி முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. நாலு குருவி எழுபத்தைந்து ரூபாய். கறி வாங்க வழியில்லாத ஏழைகள் வாங்கித் தின்ற குருவிகள் அவை. அந்த எழுபத்தைந்து ரூபாய்க்குள் ஐந்தாவது குருவி வரவே இல்லை. பேரேட்டில் அதற்கு என்ன எழுதுவது? பூஜ்யம்கூட எழுத மாட்டார்கள், அந்த வரியே இருக்காது.

சந்தையில் நின்று இதைப் பார்த்த ஒருவர்தான் அப்படிப் பேசியிருக்க முடியும். விற்கிறவன் கை அந்த ஐந்தாவதை எடுத்துக் கட்டில் செருகுவதை இயேசு பார்த்திருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு, "ஒன்றாகிலும்" என்கிறார். அந்தக் குருவி உண்மையில் நாலைவிட உசத்தி, அதன் விலை யாருக்கும் தெரியவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. எத்தனையோ நாள் நான் அப்படி ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினேன், பிரசங்கிகளும் அதைத்தான் தர முயன்றார்கள். அவர் அதன் விலையைத் தொடாமலே விட்டுவிட்டார். மறக்கப்படவில்லை என்று மட்டும் சொன்னார். விலை போட்டால் அது ஏறும், இறங்கும், ஒரு ராத்திரியில் செல்லாமலும் போகும். ஒருவர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதில் ஏற்ற இறக்கம் ஏது? "அநேகம் அடைக்கலான் குருவிகளைப்பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்கள்" என்பது அடுத்த வசனத்தில் வருகிறது. அதையும் நம்புகிறேன். ஆனால் எனக்கு முதலில் தேவைப்பட்டது இதுதான். இது இல்லாமல் அந்த விசேஷம் எனக்குள் இறங்கியதே இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நம் மொழியில் அந்தக் குருவிக்குப் பெயரே அடைக்கலான். வீட்டுக்குள் வந்து, உத்தரத்திலும் போட்டோ சட்டத்துக்குப் பின்னாலும் அடைக்கலம் கேட்டுக் குடியிருக்கும் குருவி. அதைக் கலைத்தால் பாவம் என்று ஆச்சி சொல்லுவாள். அப்பாவின் கடைப் பலகைக்கு மேலே ஒரு கூடு இருந்தது. கடையைக் காலிசெய்த அன்று அம்மா அதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

முப்பது வெள்ளிக்காசு

இதை ஒரு அக்காவிடம் சொன்னபோது, "ஒண்ணும் கிடைக்காதவங்க மனசத் தேத்திக்கச் சொல்றதுதான இதெல்லாம்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நாற்பது பவுனோடு போன அக்கா அவள், அந்த நாற்பதும் இரண்டே வருடத்தில் எங்கே போனது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். விலை பேசி எடுத்துப்போன வீட்டில் அவளுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதும் தெரியும். அவள் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை, மும்மணி நேர ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

இயேசுவையும் விலை பேசினார்கள். "என்ன தருவீங்க?" என்று யூதாஸ் கேட்டான், முப்பது வெள்ளிக்காசு என்று முடிந்தது. அந்தத் தொகை யாத்திராகமம் இருபத்தோராம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய அடிமையை முட்டிக் கொன்றுவிட்டால், எஜமானுக்குக் கொடுக்கவேண்டிய நஷ்டஈடு முப்பது வெள்ளி. எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை அவர் வேடிக்கை பார்த்தவர் இல்லை, தராசுத் தட்டில் உட்கார்ந்தவர். அந்தப் பெரியப்பா சொன்ன "கர்த்தருடைய சித்தம்" என் நெஞ்சிலிருந்து இறங்கியது அன்றைக்குத்தான். தராசைப் பிடித்திருந்தது அவருடைய கை இல்லை. அவர் என் பக்கத்தில், அதே தட்டில் இருந்தார். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் கிளாரிந்தா கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலான ஊசிக்கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சின்னக் கோயில்தான். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் கதை தெரியும். கிளாரிந்தா மராட்டிய பிராமணக் குடும்பத்து விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர், அந்தக் காரணத்தால் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778இல் ஞானஸ்நானம் கிடைத்தது. 1785இல் அந்த அம்மாள் கட்டிய கோயில் பிரதிஷ்டை ஆனது. பிறந்த சமூகத்துக்கும் வேண்டாதவர், வெள்ளைக்காரர் வீட்டிலும் மனைவி என்ற பெயர் இல்லாதவர், திருச்சபையும் முதலில் வாசலில் நிறுத்திவைத்த ஒருவர். 1780இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் கிளாரிந்தா. நான் அந்தக் கோயிலில் ஒரு பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் கேட்டு ஜெபிக்கவில்லை. அந்த அம்மாளுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கல்யாண வீட்டில் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று யாராவது கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கிறது. போன மாதம் ஒரு அம்மா போன் செய்தார். தரகர் நம்பர் கொடுத்தாராம். ஜெபத்தோடு பேசுகிறோம் என்று ஆரம்பித்து, நான் என்ன படித்திருக்கிறேன், எந்தச் சபை என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நீ கடைசியாம்மா? வீட்டுல எவ்வளவு செய்வாங்க?" என்றார்.

"எங்க அப்பா இல்லம்மா. பவுன் எதுவும் கிடையாது. நான் வேலைக்குப் போறேன், அம்மாவ நான்தான் பாத்துக்கிடுதேன்" என்றேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிம்மா, ஜெபிச்சுட்டுச் சொல்றோம்" என்றார். "அதை மட்டும் கர்த்தர்மேல போடாதீங்கம்மா" என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் வைத்துவிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "என்னட்டி சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ரசத்தைத் தாளித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கறிவேப்பிலைய எடுத்துட்டு வா" என்றாள். எடுத்துக்கொண்டு போனேன்.